விதிப்புத்தகத்தில் ஒரு பெண்

2018 ஆகஸ்ட் 22 இரவு, அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகம் தன் கால்பந்து அணியின் தலைமைப் பயிற்சியாளர் அர்பன் மேயரை மூன்று ஆட்டங்களுக்கு இடைநீக்கம் செய்வதாக அறிவித்தது. அவருக்குக் கீழ் வேலை பார்த்த உதவிப் பயிற்சியாளர் தன்னை அடித்துத் துன்புறுத்தினார் என்று அந்த உதவிப் பயிற்சியாளரின் முன்னாள் மனைவி வெளிப்படையாகச் சொல்லியிருந்தார். உதவிப் பயிற்சியாளர் அதை மறுத்தார். அந்தப் புகார்கள் பற்றி மேயருக்கு என்ன தெரியும், தெரிந்து என்ன செய்தார் என்பதுதான் விசாரணை. அன்றைய பத்திரிகையாளர் சந்திப்பில் மேயரிடம் ஒருவர் கேட்டார்: அந்தப் பெண்ணுக்கு நீங்கள் சொல்ல விரும்புவது என்ன? இப்படியொரு நிலைமையில் இருக்க நேர்ந்ததற்கு வருந்துகிறேன் என்கிற பொருளில் அவர் பதில் சொன்னார்.

ஆங்கிலத்தில் அந்த வாக்கியத்துக்குள் ஒரு தன்மைப் பன்மை இருக்கிறது. தமிழில் சொல்லும்போது நான் அதை விட்டுவிட்டுச் சொல்லியிருக்கிறேன். சேர்த்துச் சொல்லப் போனால் ஒரு முடிவெடுத்தாக வேண்டும். நம்மிடம் அதற்கு இரண்டு சொற்கள் உண்டு. நாம் என்றால் கேட்பவரும் உள்ளே. நாங்கள் என்றால் கேட்பவர் வெளியே. முதலாண்டு இலக்கண வகுப்பில் இதைச் சொல்லும்போது மாணவிகள், இதிலென்ன இருக்கிறது என்பதுபோலப் பார்ப்பார்கள். மேயரின் வாக்கியத்தை இந்த இரண்டில் எதில் பெயர்ப்பது? நாம் என்று பெயர்த்தால், அடிபட்டதாகச் சொல்கிற பெண்ணும் அந்த நிலைமைக்குப் பங்காளி ஆகிவிடுகிறார். எல்லோரும் சேர்ந்து ஒரு சங்கடத்தில் மாட்டிக்கொண்டோம் என்றாகிறது. நாங்கள் என்று பெயர்த்தால், அணிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் வந்த கஷ்டத்துக்காக அவர் வருந்துகிறார். அந்தப் பெண் வாக்கியத்திலேயே இல்லை. இரண்டு நாள் கழித்து அவர் பெயரைச் சொல்லி எழுத்தில் மன்னிப்புக் கேட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் எழுதி வெளியிட்ட வாக்கியத்தைவிட வாயில் வந்த வாக்கியம்தான் வாசிக்கத் தகுந்த பிரதி என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்த ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நாம் கால்பந்து என்கிற விளையாட்டல்ல இது. நீள்வட்டப் பந்து, தலைக்கவசம், தோளில் பட்டைகள், முட்டி மோதி முன்னேறுகிற ஆட்டம். கல்லூரி அணிக்குப் பருவத்துக்கு வழக்கமாக 12 ஆட்டங்கள்தான். ஒஹையோ அணியின் மைதானத்தில் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் மிக அதிகச் சம்பளம் வாங்கும் அரசு ஊழியர் ஆளுநரோ தலைமை மருத்துவரோ அல்ல, கல்லூரிக் கால்பந்து அல்லது கூடைப்பந்துப் பயிற்சியாளர். 2018இல் மேயரின் ஆண்டு ஊதியம் சுமார் 76 லட்சம் டாலர். ஆடுகிற மாணவர்களுக்கோ அப்போது கல்வி உதவித்தொகை மட்டும். அவர்கள் யாரிடமிருந்தும் எதுவும் பெறக் கூடாது என்பதைக் காவல் காக்க என்.சி.ஏ.ஏ. என்கிற தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் தடித்த விதிப்புத்தகம் ஒன்றை வைத்திருந்தது.

அந்தப் புத்தகம் எதைக் குற்றம் என்கிறது என்பதற்கு அதே ஒஹையோவில் முந்தைய உதாரணம் இருக்கிறது. 2010 டிசம்பரில் ஐந்து ஆட்டக்காரர்கள் பிடிபட்டார்கள். அவர்கள் செய்த குற்றம்: தமக்குக் கிடைத்த மோதிரம், சட்டை, மிச்சிகன் அணியை வென்றால் தரப்படும் சின்னஞ்சிறு தங்கக் கால்சட்டைப் பதக்கம் போன்றவற்றை விற்றுப் பணமும் பச்சை குத்திக்கொள்ளும் சலுகையும் பெற்றது. தலைமைப் பயிற்சியாளர் ஜிம் டிரெஸலுக்கு இது 2010 ஏப்ரலிலேயே மின்னஞ்சலில் தெரிந்திருந்தது. அவர் சொல்லவில்லை. தனக்கு எதுவும் தெரியாது என்று உறுதிமொழிப் படிவத்திலும் கையெழுத்துப் போட்டார். 2011 மார்ச்சில் பல்கலைக்கழகம் அவருக்கு இரண்டு ஆட்டத் தடையும் இரண்டரை லட்சம் டாலர் அபராதமும் விதித்தது. அவரைப் பணிநீக்கம் செய்ய யோசித்தீர்களா என்று கேட்டபோது, அவர் என்னை நீக்காமல் இருந்தால் சரி என்று பல்கலைக்கழகத் தலைவர் வேடிக்கையாகப் பதில் சொன்னார். வேடிக்கையில் எவ்வளவு உண்மை என்பது அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். மே மாதம் டிரெஸல் விலகினார். டிசம்பரில் என்.சி.ஏ.ஏ. அவர்மீது ஐந்தாண்டுக்குக் காரணம் காட்டும் ஆணை பிறப்பித்தது. அதாவது, இவரை வேலைக்கு எடுக்கிற கல்லூரி ஏன் எடுக்கிறோம் என்று சங்கத்தின் முன் வந்து விளக்க வேண்டும். அணியின் 2010ஆம் ஆண்டு வெற்றிகள் பதிவிலிருந்து நீக்கப்பட்டன. 2012 பருவத்தில் அணி ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை, ஆனாலும் பருவ இறுதி ஆட்டங்களில் ஆட முடியவில்லை. அந்த 2012 அணியின் பயிற்சியாளர்தான் அர்பன் மேயர்.

பச்சை குத்தியதை மறைத்ததற்கு ஐந்தாண்டு. சரி, அந்த வேறுபாட்டை மட்டும் சுட்டிக்காட்டிக் கோபப்படுவது சுலபம். எனக்கு அதைவிட விசாரணை அறிக்கைகளின் மொழியில் ஆர்வம் அதிகம்.

மேயர் பற்றிய அறிக்கை வாசிக்கவேண்டிய ஒன்று. அந்த உதவிப் பயிற்சியாளர், மேயரின் குருவான முன்னாள் ஒஹையோ பயிற்சியாளர் ஏர்ல் புரூஸின் பேரன். 2009இல் இருவரும் ஃபுளோரிடாவில் இருந்தபோதே, கர்ப்பிணியான மனைவியைத் தாக்கியதாக அவர் கைதானார், வழக்கு நடக்கவில்லை. மேயரும் மனைவியும் அந்தத் தம்பதிக்கு ஆலோசனை சொன்னார்கள். பிறகு அதே மனிதரை மேயர் ஒஹையோவுக்கு வேலைக்கு எடுத்தார். 2015இல் மீண்டும் புகார். அந்தப் பெண் தன் காயங்களின் படங்களையும் குறுஞ்செய்திகளையும் அனுப்பியது மேயரின் மனைவிக்கு. அவர் அதே பல்கலைக்கழகத்தில் செவிலியர் கல்வி கற்பித்தவர். கணவரிடம் சொன்னாரா? இருவரும் இல்லை என்றார்கள். ஓரளவாவது பேசியிருக்கக்கூடும் என்றே விசாரணையாளர்கள் கருதினார்கள். 2018 ஜூலையில் 2015 சம்பவம் தனக்குத் தெரியாது என்று மேயர் செய்தியாளர்களிடம் சொன்னார். ஆகஸ்ட் 1 அன்று செய்தி வெளியானதும், ஓராண்டுக்கு முந்தைய குறுஞ்செய்திகள் அழிந்துபோகும்படி கைபேசியை மாற்றுவது எப்படி என்று ஊழியர் ஒருவருடன் பேசினார். விசாரணையாளர்கள் வாங்கிப் பார்த்தபோது ஓராண்டுக்கு முந்தைய செய்திகள் அதில் இல்லை. எப்போது மாற்றப்பட்டது என்று அவர்களால் உறுதி செய்ய முடியவில்லை. அவருக்குச் சில வேளைகளில் நினைவாற்றல் குறைபாடு உண்டு என்றும், அவர் வேண்டுமென்றே பொய் சொல்லவில்லை என்றும் அறிக்கை முடிவு செய்தது.

இதில் ‘குடும்பம்’ என்னவெல்லாம் வேலை பார்க்கிறது என்று பாருங்கள். அணி ஒரு குடும்பம். இதைச் சொல்லாத அமெரிக்கப் பயிற்சியாளர் இல்லை. குருவின் பேரன் என்பதால் ஒருவன் குடும்பத்துக்குள் இருக்கிறான். அவன் மனைவியும் அவன் மூலமாகக் குடும்பத்துக்குள் இருக்கிறாள். அவள் பட்ட அடியைப் பற்றிய செய்தி, அலுவலகத்துக்குப் போகாமல், இன்னொரு மனைவியின் கைபேசிக்குப் போகிறது. பெண்ணிடமிருந்து பெண்ணுக்கு. அது புகாராகப் பதிவாகவில்லை, ஆறுதலாக மாறிவிட்டது. விவாகரத்தானதும் அவள் குடும்பத்துக்கு வெளியே. அப்போது அவள் சொல்வது குடும்பத்துக்கு எதிரான குற்றச்சாட்டு. மேயர் விடுப்பில் இருந்தபோது அவருக்கு ஆதரவாக ரசிகர்கள் மைதானத்துக்கு வெளியே கூடினார்கள். அவர் அணிக்கு வகுத்திருந்த அடிப்படை நெறிகள் சிலவற்றில் ஒன்று, பெண்களை மதிக்க வேண்டும் என்பது. போதைப்பொருள் கூடாது, திருட்டு கூடாது, ஆயுதம் கூடாது என்பவற்றோடு ஒரே பட்டியலில்.

டெக்சஸ் மாநிலத்தின் வேக்கோவில் இருக்கும் பெய்லர், பாப்டிஸ்ட் திருச்சபை வழிவந்த பல்கலைக்கழகம். 2014இல் 26 கோடியே 60 லட்சம் டாலர் செலவில் புதிய மைதானம் திறந்தார்கள். அதே ஆண்டு நவம்பரில்தான் அங்கே பாலினப் பாகுபாட்டுப் புகார்களைக் கவனிக்க முதல் முழுநேர அலுவலர் வந்தார். அப்படிப் பாகுபாடு கூடாது என்கிற டைட்டில் 9 சட்டம் 1972இல் வந்தது. நடுவில் போனது 42 ஆண்டுகள். அதே 2014இன் தொடக்கத்தில், பாலியல் வன்கொடுமைக்காக பெய்லரின் முன்னாள் ஆட்டக்காரர் ஒருவருக்கு 20 ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. அடுத்தடுத்துப் புகார்கள். பல்கலைக்கழகமே நியமித்த சட்ட நிறுவனத்தின் முடிவுகள் 2016 மே மாதம் 13 பக்கங்களில் வெளியாயின. கால்பந்து ஊழியர்கள் புகார்களை உரிய இடத்துக்குக் கொண்டுபோகவில்லை, தாமே பேசி முடிக்கப் பார்த்தார்கள் என்று அது சொன்னது. இன்னொன்றும் சொன்னது. புகார் சொல்ல வந்த மாணவி குடித்திருந்தாளா, முன்பு யாருடனாவது உறவில் இருந்தாளா என்பதை வைத்து அதிகாரிகள் அவளை எடைபோட்டார்கள் என்கிற உணர்வு மாணவிகளின் வாயை அடைத்தது. திருமணத்துக்கு முன் உறவு கூடாது என்று போதித்த வளாகம் அது. ஒழுக்க விதி கறாராக இருந்தது. அது புகார் கொடுக்க வந்தவளின் கழுத்தைத்தான் பிடித்தது.

பயிற்சியாளர் ஆர்ட் பிரைல்ஸ் நீக்கப்பட்டார். ஒப்பந்தக் கணக்கைத் தீர்க்க அவருக்கு ஒன்றரைக் கோடி டாலருக்கும் மேல் போனது. பல்கலைக்கழகத் தலைவர் கென் ஸ்டாரும் பதவி இழந்தார். கிளின்டனின் அந்தரங்கத்தைத் துருவித் துருவி விசாரித்த அதே ஸ்டார்தான். தன் வளாகத்தில் அந்தத் துருவல் அவருக்குக் கைகொடுக்கவில்லை.

ஐந்தாண்டு கழித்து, 2021 ஆகஸ்டில் என்.சி.ஏ.ஏ.வின் தீர்ப்பு வந்தது. பெண்ணிய வாசகிகள் ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய பிரதி அது. பெய்லர் தன் அறம்சார்ந்த தோல்வியை ஒப்புக்கொண்டது. ஆனால் அது உங்கள் விதிகளை மீறியதாகாது என்றது. தீர்ப்பாயம் மிகுந்த தயக்கத்தோடு அதை ஏற்றுக்கொண்டது. காரணத்தைக் கவனியுங்கள். விதிப்புத்தகத்தில் இருப்பது, ஆட்டக்காரர்களுக்குப் பிற மாணவர்களுக்கு இல்லாத சலுகை தரக் கூடாது என்பது. பெய்லரிலோ புகார்களைப் பதியாமல் விடுவது வளாகம் முழுக்க வழக்கமாக இருந்தது. எல்லா ஆண்களுக்கும் கிடைத்த தப்பித்தல்தான் கால்பந்துக்காரர்களுக்கும் கிடைத்தது. ஆகவே தனிச் சலுகை இல்லை. ஆகவே மீறல் இல்லை. பிரைல்ஸ் ஒரு மனிதரிடம் எதிர்பார்க்கும் குறைந்தபட்ச அக்கறையைக்கூடக் காட்டவில்லை என்று எழுதிய கையே, அவர் விதி எதையும் மீறவில்லை என்றும் எழுதியது. பல்கலைக்கழகத்துக்கு நான்காண்டு கண்காணிப்பு, 5,000 டாலர் அபராதம், ஆள்சேர்ப்பில் சில கட்டுப்பாடுகள்.

மீறல் இல்லை என்றால் இந்தத் தண்டனைகள் எதற்கு? வேறு சிலவற்றுக்கு. அவற்றுள் ஒன்று: அணியில் சேரக்கூடிய பள்ளி மாணவர்கள் வளாகத்தைப் பார்க்க வரும்போது அவர்களை வரவேற்று உபசரிக்க, பெரும்பாலும் மாணவிகளைக் கொண்ட குழு ஒன்றை பெய்லர் நடத்தியது. அது ஆள்சேர்ப்பு விதிகளுக்கு முரணானது. ஆக, விதிப்புத்தகத்தில் பெண் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. சிரித்து வரவேற்கிறவளாக, ஓர் அணிக்கு மற்ற அணிகளைவிடக் கூடுதல் கவர்ச்சி சேர்ப்பவளாக இருக்கிறாள். அவள் நியாயமற்ற ஒரு சாதகம். போட்டிக் கல்லூரிக்கு அநீதி. வன்புணரப்பட்டேன் என்று அதே மாணவி சொன்னால் அது எந்தப் போட்டிக் கல்லூரியையும் பாதிக்கவில்லை.

உபசரிப்பு பற்றிய கட்டுப்பாடுகள் இறுகியதும் ஒரு விவகாரத்துக்குப் பிறகுதான். 2004இல் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஆள்சேர்ப்பு விருந்துகளில் நடந்த பாலியல் கொடுமைகள் வெளியே வந்தன. அப்போது கேட்டி நைடா என்கிற பெண், அந்த அணியில் பந்தை உதைக்கும் ஆட்டக்காரியாக இருந்தவர், சக ஆட்டக்காரர் ஒருவர் தன்னை வன்புணர்ந்ததாகச் சொன்னார். பயிற்சியாளர் கேரி பார்னெட்டிடம் கேட்டபோது அவர் பேசியது அவளுடைய ஆட்டத்திறன் பற்றி. படுமோசமான ஆட்டக்காரி என்று. ஊதியத்தோடு விடுப்பில் அனுப்பப்பட்டு சில மாதங்களில் திரும்பி வந்தார். நைடா 2003இலேயே வேறு பல்கலைக்கழகத்துக்காக ஆடி, உயர்மட்டக் கல்லூரி ஆட்டத்தில் புள்ளி எடுத்த முதல் பெண் ஆகியிருந்தார்.

வெற்றியை நீக்குவது என்கிற தண்டனைக்கு வருவோம். எனக்கு அது புனைகதை போலத் தோன்றுகிறது. ஒரு லட்சம் பேர் பார்த்த ஆட்டம், தொலைக்காட்சியில் வந்த ஆட்டம், அது நடக்கவில்லை என்று பதிவேடு சொல்கிறது. நடந்ததை நடக்காததாக எழுதும் அதிகாரம் இந்த நிறுவனங்களுக்கு இருக்கிறது. யாரும் பார்க்காத அறையில் நடந்ததை முதல்முறை எழுதிவைப்பதுதான் அவற்றால் முடியாமல் போகிறது.

பிரெண்டா டிரேசியின் வாழ்க்கையில் இரண்டும் உண்டு. 1998இல் ஆரகன் மாநிலத்தில் தன்னைக் கூட்டாக வன்புணர்ந்ததாக அவர் புகார் கொடுத்த நால்வரில் இருவர் பல்கலைக்கழக அணியில் இருந்தவர்கள். வழக்கு நடக்கவில்லை. பயிற்சியாளர் மைக் ரைலி அந்த இருவருக்கும் ஓர் ஆட்டத் தடை விதித்தார். நல்ல பையன்கள், தவறான முடிவு எடுத்துவிட்டார்கள் என்பது அவர் விளக்கம். 2014இல் டிரேசி தன் பெயரோடு வெளியே வந்து, கல்லூரி அணிகளிடம் பாலியல் வன்முறை பற்றிப் பேசுவதையே பணியாக எடுத்துக்கொண்டார். 2016இல் ரைலியே அவரைத் தன் புதிய அணியிடம் பேச அழைத்தார். பிறகு மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் மெல் டக்கரும் அழைத்தார். பத்தாண்டுக்கு ஒன்பதரைக் கோடி டாலர் ஒப்பந்தம் போட்டிருந்த பயிற்சியாளர். அவர் தன்னிடம் தொலைபேசியில் பாலியல்ரீதியாக அத்துமீறினார் என்று 2022 டிசம்பரில் டிரேசி பல்கலைக்கழகத்தில் புகார் கொடுத்தார். இருவரின் சம்மதத்தோடு நடந்தது என்றார் டக்கர். விசாரணை நடந்தது, டக்கர் அணியை நடத்திக்கொண்டே இருந்தார். 2023 செப்டம்பர் 10 அன்று நாளேடு ஒன்றில் செய்தி வந்தது. அன்றே இடைநீக்கம். அந்த மாதமே பணிநீக்கம். அவர் தொல்லை கொடுத்தது விதிமீறலே என்று விசாரணை அலுவலர் எழுதியது அதற்கும் அடுத்த மாதம்.

அகப்பாடல் வாசித்தவர்களுக்கு அம்பலும் அலரும் தெரியும். அம்பல் மொட்டு நிலை, சிலர் தமக்குள் முணுமுணுப்பது. அலர் மலர்ந்துவிட்ட நிலை, ஊரறியப் பேசுவது. அங்கே அலருக்கு அஞ்சி வாடுபவள் தலைவி. இங்கே அஞ்சுவது பல்கலைக்கழகம். ஒன்பது மாதம் அம்பலாக இருந்தவரை எதுவும் அசையவில்லை. அலரானதும் ஒரே நாளில் அசைந்தது. டக்கரை நீக்கிய கடிதத்தின் காரணங்களில் ஒன்று, பல்கலைக்கழகத்தைப் பொதுவெளியில் அவமதிப்புக்கும் ஏளனத்துக்கும் ஆளாக்கினார் என்பது. நிறுவனத்தின் நற்பெயர் என்கிற தொடரை நம் கல்லூரிகளில் படிப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

எதிர்வாதம் ஒன்று உண்டு, அதை மதிக்கிறேன். விளையாட்டுச் சங்கம் நீதிமன்றமல்ல. போலீசும் நீதிமன்றமும் டைட்டில் 9 சட்டமும் இருக்கின்றன. தன் விதியில் இல்லாததற்கு அது தண்டிக்கக் கூடாது. ஒருமுறை அது அப்படிச் செய்தும் பார்த்தது. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் முன்னாள் உதவிப் பயிற்சியாளர் ஜெரி சாண்டஸ்கி சிறுவர்களைச் சீரழித்தது நிரூபணமானதும், 2012இல் 6 கோடி டாலர் அபராதம் விதித்து, தலைமைப் பயிற்சியாளர் ஜோ பட்டர்னோவின் 111 வெற்றிகளை நீக்கியது. வழக்குப் போனது. 2015 ஜனவரியில் வெற்றிகள் திரும்ப வந்தன. பெய்லர் தீர்ப்பு அதற்குப் பிறகு எழுதப்பட்டது.

வன்புணர்வு வழக்கைக் கால்பந்துச் சங்கம் விசாரிக்கட்டும் என்று நானும் கேட்கவில்லை. ஆனால் இந்தச் சங்கம் ஏன் பிறந்தது? 1905இல் மைதானத்தில் மாணவர்கள் அடிபட்டுச் செத்தார்கள். ஜனாதிபதி ரூஸ்வெல்ட் தலையிட்டார். 1906இல் சங்கம் வந்தது. உடம்புக்கு நேரும் கேட்டைத் தடுக்க விதி எழுதுவதுதான் அதன் முதல் வேலை. 2021 ஜூலையிலிருந்து ஆட்டக்காரர்கள் தம் பெயரையும் உருவத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்று விதி மாறியது. பச்சை குத்தியவர்களைத் துரத்திய விதியின் அடித்தளமே போயிற்று. அடுத்த மாதம் பெய்லர் தீர்ப்பு வந்தது, எங்கள் விதியில் இடமில்லை என்று. விதியில் இடம் தானாக வருவதில்லை, யாரோ எழுதுகிறார்கள்.

தண்டனையைக் கூட்டு என்று நாம் கேட்கும்போது அது யார் தலையில் விழும் என்பதையும் பார்க்க வேண்டும். ஆட்டக்காரர்களில் பலர் கருப்பின இளைஞர்கள். தலைமைப் பயிற்சியாளர்களில் பெரும்பகுதி வெள்ளையர்கள். வன்புணர்வுக் குற்றச்சாட்டு அமெரிக்காவில் கருப்பின ஆண்கள்மீது எப்படி ஆயுதமாக ஏவப்பட்டது என்று ஏஞ்சலா டேவிஸ் 1981இல் எழுதிய ‘பெண்கள், இனம், வர்க்கம்’ நூலின் ஓர் அத்தியாயமே பேசுகிறது. ஆட்டக்காரன் சிறைக்குப் போகிறான், பயிற்சியாளர் கணக்குத் தீர்த்துக்கொண்டு போகிறார். டிரெஸல் பிறகு ஒரு பல்கலைக்கழகத்துக்கே தலைவரானார். 2025இலிருந்து ஒஹையோவின் துணை ஆளுநர்.

மேயர் இல்லாத மூன்று ஆட்டங்களிலும் ஒஹையோ வென்றது. தண்டனையை முடிவு செய்த அறங்காவலர்களில் ஒருவரான ஜெஃப்ரி வாட்ஸ்வொர்த் மட்டும் அது போதாது என்று சொல்லிப் பதவி விலகினார். எத்தனை ஆட்டம் என்பதல்ல, நம் மதிப்பீடுகள் என்ன என்பதே தனக்குக் கேள்வியாக இருந்தது என்று பின்னர் நாளேட்டிடம் சொன்னார். அந்தக் கூட்டம் பத்து மணி நேரத்துக்கு மேல் நடந்தது. கடைசியில் அது முடிவு செய்தது எத்தனை ஆட்டம் என்பதைத்தான்.